புஸ்பத்தின் மத்தியான வீடு

களுவாஞ்சிக்குடியில் அந்தக் கட்டடத்தைத் திறந்து வைத்த அன்று மேடையில் ஏறிய எல்லோரும் கடலைத் திட்டினார்கள். திட்டுக் கேட்டுக் கடல் திரும்ப எழும்பி வந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு வருடத்துக்குள் மறந்துவிட்டார்கள் போலும். பச்சைக் கண்ணாடி யன்னல், ஏசி, வாசலில் குரோட்டன் செடி, உள்ளே வெளிநாட்டு உதவிப் பணத்தில் வந்த இரண்டு பெரிய கணினிகள். பெயர் கரையோர வீடமைப்புக் கணினி மையம். சுனாமியில் வீடு பறிகொடுத்தவர்களுக்குப் பாரபட்சம் இல்லாமல் வீடு பகிர்ந்து கொடுப்பது அதன் வேலை. மனிதன் சொந்தக்காரன் பக்கம் சாய்வான், கணினி சாயாது என்று பணிப்பாளர் இராசதுரை அன்று அடித்துச் சொன்னார். கைதட்டியவர்களில் முன்வரிசை முழுவதும் அவருடைய சொந்தக்காரர்கள்.

தேற்றாத்தீவுப் புஸ்பம் அன்று வாசல் கடப்படியில் வெயிலில் நின்றாள். அலை ஒரே காலையில் அவளுடைய புருசனையும் வீட்டையும் கொண்டு போயிருந்தது. மிஞ்சியது மகள் விதுர்ஷாவும், ஒரு தகரக் கொட்டிலும். உள்ளே போய்ப் பெயரைப் பதிந்தாள். "எல்லாம் சரி அம்மா, கூப்பிடுவம், போங்க" என்றார்கள். போனாள். அவர்கள் கூப்பிடவில்லை. அதற்குள் விதுர்ஷா பள்ளிக்கூடம் முடித்து, தையல் பழகி, கலியாணப் பேச்சுக்கும் வந்துவிட்டாள்.

மாப்பிள்ளை சிவதர்ஷன், உன்னிச்சைக் குளத்தடியில் உழவு மெஷின் திருத்துகிறவன். பொடியனுக்குப் பெண்ணைப் பிடித்தது, பெண்ணுக்கும் பொடியனைப் பிடித்தது. தாய் அன்னப்பூரணிக்கும் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குரியது. தாய் மகளுக்குக் கட்டிக் கொடுப்பாள், மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து அந்த வீட்டில் ஏறுவான். வீடு இல்லாத பெண்ணுக்குக் கலியாணம் எழுதலாம், மாப்பிள்ளையை எங்கே ஏற்றுவது?

"எனக்கு உங்களோட ஒரு கோபமும் இல்லகா," என்றாள் அன்னப்பூரணி. "தகரத்துக்குள்ள என்ட மகன் வந்திருந்தா ஊர் என்னயல்லவா சிரிக்கும்? வீட்டை ஒருக்கா முடிச்சிப் போடுங்க. அடுத்த கிழமையே நாள் பாப்பம்."

புஸ்பம் மறுநாள் காலையில் மையத்துக்குப் போனாள். வரவேற்பு மேசையில் காத்தான்குடிப் பிள்ளை ஸில்மியா இருந்தாள். அடையாள அட்டை இலக்கத்தை வாங்கி அடித்துப் பார்த்தாள். முகத்தைச் சுருக்கினாள். இன்னொரு முறை அடித்தாள்.

"புஸ்பம் அக்கா, உங்கட பேர் சிவப்பா வருது."

"சிவப்பு எண்டா என்ன புள்ள, கூடாதா?"

"கூடாது எண்டில்ல. நீங்க சோதனைப் பயனாளி எண்டு கிடக்கு. எனக்கும் விளங்கல்ல. உள்ளுக்கு உதயரூபன் சேரிட்டக் கேளுங்க. டீ குடிக்கிறதுக்கு முன்னம் போங்க, குடிச்சாப் பிறகு ஆளப் பிடிக்கேலா."

உதயரூபன் சோதனைப் பொறியியலாளர். பாவம், கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருப்பதற்கும் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டிய இடத்தில் வேலை செய்தான், அவ்வளவுதான். வீடு பகிரும் மென்பொருள் ஒன்று இருக்கிறது, அது பிழைக்காமல் வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னொரு மென்பொருள் இருக்கிறது என்று அவன் புஸ்பத்துக்கு விளக்கினான். இரண்டாவது மென்பொருள் ஒரு வீடற்ற ஆளைப்போல நடித்து, முதலாவதிடம் தானாகப் போய் வீடு கேட்கும். முதலாவது வீடு கொடுத்தால் சோதனை வெற்றி. அப்படி நடிப்பதற்கு அதற்கு ஒரு பெயர், ஊர், இலக்கம் எல்லாம் முன்கூட்டியே குறித்துக் கொடுத்திருக்க வேண்டும். அவற்றுக்கு அமைவு மதிப்புகள் என்று பெயர். "நாங்க செட்டிங்ஸ் எண்டு சொல்லுவம்," என்றான்.

"அதுக்கு என்ட பேர் ஏன் தம்பி?"

உதயரூபன் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

திறப்பு விழா அன்று நடந்தது இதுதான். மென்பொருளைக் கொண்டு வந்த கொழும்பு ஆலோசகர், பெயர் என்ற இடத்தில் இல்லாத ஒரு பெயரைப் போடுங்கள், ஏதாவது போடுங்கள் என்று சொல்லிவிட்டு விமானத்துக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். 'அலையில் வீடிழந்தவர்' என்று எழுதியிருந்த கட்டத்தில் பெயர் போட ஒருவரும் முன்வரவில்லை. பணிப்பாளர் தன் மனைவியின் பெயரை நினைத்த மாத்திரத்தில் தலையைத் தொட்டுக் கும்பிட்டார். கணக்காளர் தன் வீட்டில் யாருடைய பெயரையும் உச்சரிக்கவே கூடாது என்று சத்தம் போட்டார். கற்பனைப் பெயர் போட்டாலும் அந்தப் பெயரில் எங்கோ ஒரு ஆள் இருப்பாரே, அலையின் தோஷம் அவருக்குப் போய்ச் சேர்ந்தால் பாவம் யாருக்கு என்று ஒருவர் கேட்டார். பட்டதாரிகள் நிறைந்த அந்த அறை அதை நியாயமான கேள்வி என்று ஏற்றுக்கொண்டது. கடைசியில் பணிப்பாளர் யன்னலால் பார்த்தார். கடப்படியில் புஸ்பம் நின்றாள்.

"அவவுக்கு நடக்கிறதெல்லாம் நடந்து முடிஞ்சுது," என்றாராம். "இனி அவவுக்கு என்ன வரப்போகுது?"

இராகுகாலம் கழியும்வரை காத்திருந்து, வடக்கே பார்த்து உட்கார்ந்து, புஸ்பத்தின் பெயரை எழுதினார்கள். பிறகு எல்லோருக்கும் தேநீரும் பட்டீஸும் கொடுத்தார்கள்.

புஸ்பம் விரல்களை மடக்கி எதையோ கணக்குப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப எனக்கு வீடு கிடைச்சிருக்கா தம்பி?"

"ஓம் அம்மா. ஒவ்வொரு நாளும் கிடைக்குது. மத்தியானம் நாங்க சாப்பிடப் போற நேரம் சோதனை ஓடும். அந்த நேரம் உங்களுக்கு வீடு கிடைச்சிரும்."

"எங்க வச்சி?"

"கொம்பியூட்டருக்குள்ள."

"திருப்பி எடுக்கிறது ஆரு?"

"அதுவும் கொம்பியூட்டர்தான். சோதனை முடிஞ்சா எல்லாத்தையும் பழைய நிலைக்குக் கொண்டு வரணும். அதுதான் ஒழுங்கு. நாங்க சாப்பிட்டுக் கை கழுவிற்று வரக்குள்ள உங்களுக்கு வீடு இரிக்காது."

இன்னொரு விசயமும் இருந்தது. வெளிநாட்டில் எழுதிய மென்பொருள் குடும்பத் தலைவர் ஆண் என்றே எதிர்பார்த்தது. புஸ்பத்தின் பெயரைப் போட்டதும் சோதனை தோல்வி என்று கத்தியது. மென்பொருளைத் திருத்துவதைவிடப் புஸ்பத்தைத் திருத்துவது சுலபம் என்று கண்டு, பால் என்ற இடத்தில் ஆண் என்று போட்டுவிட்டார்கள். இதைச் செய்த பணிப்பாளர் களுவாஞ்சிக்குடியில் தன் மனைவிக்கு அவளுடைய தாய் கொடுத்த வீட்டில்தான் குடியிருந்தார். அந்த மாமியாருக்கும் அவளுடைய தாய் கொடுத்த வீடு பக்கத்து வளவில் நின்றது. இந்த ஊரில் வீட்டுக்காரர் யார் என்று கணினிக்குச் சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை.

"என்ட பேரை அதுக்குள்ளால எடுத்து விடுங்க தம்பி," என்றாள் புஸ்பம். "எனக்கு மத்தியான வீடு வேணா. புள்ளைக்கு ஒரு வீடு வேணும்."

"எடுக்கலாம். ஆனா சோதனைப் பயனாளி உண்மைப் பயனாளியா இருக்கேலா. முதல்ல அமைவு மதிப்பை மாத்தணும். அதுக்குக் குழு இரிக்கி."

குழு என்றால் சாதாரணக் குழு இல்லை, அமைவு மதிப்பு முகாமைத்துவக் குழு. ஒரு மதிப்பை மாற்றக் கேட்கும் விண்ணப்பம் முதலில் உபகுழுவுக்குப் போகும். மாற்றினால் சோதனை தோற்காது என்று உபகுழு உறுதி சொல்ல வேண்டும். தோற்காது என்று தெரிய வேண்டுமானால் மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றிப் பார்ப்பதற்குக் குழுவின் அனுமதி வேண்டும். ஆகவே உபகுழு ஒவ்வொரு கூட்டத்திலும் குழுவையும், குழு ஒவ்வொரு கூட்டத்திலும் உபகுழுவையும் பாராட்டித் தீர்மானம் போட்டுவிட்டுக் கலையும்.

மாற்றிப் பார்க்க இரண்டாவது கணினி இருந்ததுதானே என்று கேட்கலாம். இருந்தது. சோதனைகளை அதில்தான் ஓட்ட வேண்டும் என்று ஆலோசகரும் சொல்லியிருந்தார். ஆனால் அது பணிப்பாளரின் அறையில், பொலித்தீன் உறை கழற்றாமல், சந்தனப் பொட்டு வைத்து வைக்கப்பட்டிருந்தது. புதுச் சாமானைச் சோதனைக்குப் பாவித்துப் பழுதாக்குவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. ஆகவே சோதனை ஊர்ச் சனத்தின் உண்மை விபரங்கள் இருந்த கணினியிலேயே நடந்தது.

புஸ்பம் குழுவின் முன்னால் நிற்க அழைக்கப்பட்டாள். கதிரைகள் பயனாளிகளுக்கானவை, சோதனைப் பயனாளி அவற்றில் இருக்கலாமா என்பது பற்றி வழிகாட்டல் எதுவும் இல்லாததால் நின்றாள். பணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"அம்மா, நீங்க ஒண்டை விளங்கிக் கொள்ளணும். நாங்க வீடு குடுக்க வந்த ஆக்கள் இல்ல. வீடு குடுக்கிற முறை சரியா வேலை செய்யுதா எண்டு பாக்க வந்த ஆக்கள். முறை நல்லா வேலை செய்யுது. உங்களாலதான் அது எங்களுக்குத் தெரியுது. நாளைக்கு உங்களுக்கு உண்மையா வீட்டைத் தந்தா, முறை சரியா இரிக்கா எண்டு நாங்க ஆர வச்சிப் பாக்கிற?"

"வேற ஆரும் இல்லையா சேர்?"

"ஆர் சம்மதிப்பாங்க? ஒவ்வொரு நாளும் வீடிழக்கிறதுக்கு ஒரு மனசு வேணும் அம்மா. அது உங்களிட்டதான் இரிக்கி."

கணக்காளர் தலையை ஆட்டினார். அவளுடைய பொறுமையைக் கூட்ட அறிக்கையில் பதிவு செய்வதாகத் தீர்மானித்தார்கள்.

இவர்களுக்கு முன்னால் அழுதால் அதையும் பதிவு செய்வார்கள் என்று புஸ்பத்துக்குத் தோன்றியது. அழாமல் திரும்பி வந்தாள்.

வீடிழப்பது மட்டும் என்றாலும் பரவாயில்லை. பயனாளி இறந்தால் வீடு யாருக்கு என்பதையும் மென்பொருள் அறிந்திருக்க வேண்டும் என்பதால், வீடு கிடைத்த கையோடு சோதனை புஸ்பத்தைச் சாகடித்தும் பார்த்தது. ஒருநாள் வதிவிடச் சான்று எடுக்கக் கிராமத்து அலுவலரான விதானையாரிடம் போனாள். நேரம் மத்தியானம். அவர் ஒரு கையால் கையெழுத்துப் போடப் பேனையை எடுத்து, மறு கையால் மையத்தின் வரவேற்பு மேசைக்குத் தொலைபேசி எடுத்து விபரம் கேட்டார். கேட்டுவிட்டுப் பேனையை மூடினார்.

"அம்மா, நீங்க மோசம் போயிற்றீங்க எண்டு சொல்றாங்க."

"உங்களுக்கு முன்னாலதானே ஐயா இரிக்கன்!"

"இரிக்கிறீங்க. நான் இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா கொம்பியூட்டர்ல இல்ல. நான் இப்ப கையெழுத்து வச்சா நாளைக்கு என்னயல்லவா கேப்பாங்க? போய்ச் சாப்பிட்டுட்டுப் பின்னேரம் வாங்க. உயிரோட இருந்தா வச்சித் தாறன்."

பின்னேரம் போனாள். உயிரோடு இருந்தாள். வைத்துக் கொடுத்தார்.

இனி யுத்தக் கதையையும் சொல்ல வேண்டும். அமைவு மதிப்புகளில் 'பிரதேச நிலைமை' என்று ஒன்று இருந்தது. மையம் திறந்தபோது யுத்தநிறுத்தம் நடந்துகொண்டிருந்ததால் அதில் சமாதானம் என்று போட்டிருந்தார்கள். அடுத்த வருடமே சண்டை தொடங்கிவிட்டது. வாவிக்கு மேலால் ஷெல் பறந்தது. வாவிக்கு அக்கரையான படுவான்கரைச் சனம் சட்டி பானையோடு தோணி ஏறி இக்கரைக்கு ஓடி வந்தது. உன்னிச்சையில் வட்டையில் விளைந்து நின்ற நெல்லை அப்படியே விட்டுவிட்டு அன்னப்பூரணியும் மகனும் பாடசாலை மண்டபத்தில் படுத்துக் கிடந்தார்கள். மையத்தில் மட்டும் சமாதானம் நிலவியது. நிலைமையை மாற்ற வேண்டும் என்று உதயரூபன் விண்ணப்பம் எழுதினான். உபகுழு அதை ஆராய்ந்து, யுத்தம் தொடங்கிவிட்டது என்று இரு தரப்பில் ஒரு தரப்பாவது எழுத்தில் தர வேண்டும் என்று கேட்டது. இரு தரப்பும் அந்த நேரத்தில் வேறு வேலையாக இருந்தன.

அந்த விண்ணப்பம் உபகுழுவுக்கும் குழுவுக்கும் இடையே நடந்து நடந்து, இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதம் அங்கீகாரம் பெற்றது. வன்னியில் சண்டை முடிந்த அதே கிழமை. சந்தியில் வெற்றிக் கொடி கட்டச் சொல்லி உத்தரவு வந்தது, கட்டினார்கள். வெடி கொளுத்தினார்கள். வன்னியில் சொந்தம் இருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அழுதார்கள், சத்தம் வெளியே வராமல் அழுதார்கள். அந்தக் கிழமையில்தான் களுவாஞ்சிக்குடியில் ஏசி அறைக்குள் யுத்தம் தொடங்கியது.

யுத்தம் என்று வந்ததும் மென்பொருள் எல்லா வீட்டுப் பகிர்வையும் நிறுத்தி வைத்தது. அதனால் பெரிய இடைஞ்சல் எதுவும் ஏற்படவில்லை, ஏனென்றால் அதுவரை அந்த மையம் கட்டிய சில வீடுகளும் மேலிடத்துத் தொலைபேசியில் வந்த பெயர்களுக்கே போயிருந்தன. அந்தப் பெயர்களுக்குக் கணினி தேவைப்படவில்லை. ஆனால் அன்று மத்தியானம் புஸ்பத்துக்கு வீடு கிடைக்கவில்லை. சோதனை தோற்றுவிட்டது. திரை முழுவதும் சிவப்பு. பணிப்பாளர் சாப்பாட்டை அரைவாசியில் விட்டுவிட்டு எழும்பினார். அதுவரை தேற்றாத்தீவுப் பக்கமே வராத மனிதர், ஜீப்பை எடுத்துக்கொண்டு நேரே தகரக் கொட்டிலடியில் வந்து இறங்கினார்.

"அம்மா, நீங்க ஏதும் செய்தீங்களா?"

புஸ்பம் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவினாள்.

"என்ன சேர் செய்யிற?"

"இண்டைக்கு உங்களுக்கு வீடு கிடைக்கல்ல!"

"எனக்கு எண்டைக்கு சேர் கிடைச்சிரிக்கி?"

"ஐயோ, நீங்க விளங்காமக் கதைக்கிறீங்க. இது எங்கட மானப் பிரச்சினை," என்றார் பணிப்பாளர். தகரத்தின் சூட்டில் அவருக்கு வியர்த்து ஊற்றியது. குனிந்து உள்ளே எட்டிப் பார்த்து, "இதுக்குள்ள எப்பிடி இரிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஜீப்பில் ஏறினார். மறுநாள் அவசரக் கூட்டம் கூடிச் சோதனை பிரதேச நிலைமையைப் பார்க்காமல் ஓடும்படி செய்தார்கள். புஸ்பத்துக்கு மத்தியான வீடு திரும்பக் கிடைத்தது. உண்மையான சனத்துக்கு யுத்தம் அப்படியே இருந்தது. அதை நிறுத்தச் சொல்லி உதயரூபன் புதிய விண்ணப்பம் ஒன்று எழுதினான்.

ஆடி பிறந்ததும் அன்னப்பூரணி சொல்லி அனுப்பினாள். ஆயித்தியமலையில் ஒரு இடம் வந்திருக்கிறது, பெண்ணுக்குக் கல்வீடு உண்டு, ஆவணிக்குள் தேற்றாத்தீவில் ஒன்றும் ஆகாவிட்டால் தன்னைக் குறை நினைக்க வேண்டாம். சிவதர்ஷன் தாயோடு சண்டை பிடித்துச் சாப்பிடாமல் கிடக்கிறான் என்ற செய்தியும் கூடவே வந்தது. விதுர்ஷா தையல் மெஷினில் குனிந்தபடியே இருந்தாள். அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையின் இரண்டு கைகளும் ஒரே பக்கத்தில் பொருத்தப்பட்டிருந்ததைப் புஸ்பம் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் உதவி கொடுத்த வெளிநாட்டார் நேரில் பார்க்க வருகிறார்கள் என்ற தகவல் மையத்தைக் கலக்கியது. காட்டுவதற்குப் பச்சை நிறத்தில் சோதனை முடிவுகள் மலை மலையாக இருந்தன. விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாது என்று கணினிக்குள் நடந்த யுத்தத்தையும் அவசரமாக நிறுத்தினார்கள். ஆனால் வெள்ளைக்காரர்கள் வீட்டைப் பார்க்கவும் கேட்கக்கூடும் என்று யாரோ சொன்னார்கள். குழுவுக்கு அது அநியாயமாகப் பட்டது. கடைசியில் ஒரு முழுநீளச் சோதனை நடத்துவது என்று முடிவாயிற்று. கணினியில் தொடங்கி, நிலத்தில் உண்மையான வீடும், உண்மையான சாவியும், உண்மையான மேடையும் வைத்து, சோதனைப் பயனாளியையே கொண்டு நடத்துவது. அதற்காகத் தேற்றாத்தீவில் பிரதான வீதியோரம் ஒரு மாதிரி வீடு ஓட்டமாகக் கட்டினார்கள். எந்த வீட்டுக்கும் கிடைக்காத சீமெந்து அந்த வீட்டுக்குக் கிடைத்தது. இரண்டு அறை, மண்டபம், புகைபோக்கி வைத்த குசினி, தண்ணீர்த் தாங்கி, பலா மரக் கதவு.

ஒத்திகைக்குப் புஸ்பத்தை அழைத்தார்கள். பணிப்பாளரே பழக்கினார்.

"சாவியை ரெண்டு கையாலயும் வாங்கணும். கண் கலங்கணும், ஆனா அழப்படாது. அழுதா சோதனை கூடிப் போன மாதிரித் தெரியும். பிறகு கதவைத் திறந்து உள்ளுக்குப் போய், யன்னலால கை காட்டிற்று, வெளியே வந்து சாவியை உதயரூபனிட்டக் குடுக்கணும்."

புஸ்பம் சாவியை வாங்கினாள், கண் கலங்கினாள், உள்ளே போனாள். குசினியில் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். சுவரில் கையை வைத்துப் பார்த்தாள், குளிர்ச்சியாக இருந்தது. கதவின் பின்புறத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள், இறுக்கமாக ஏறியது. வெளியே வந்து சாவியைக் கொடுக்கும்போது உதயரூபனிடம் கேட்டாள்.

"தம்பி, அவங்க போனாப் பிறகு இதுக்குள்ள ஆரு வாற?"

"ஒருத்தரும் இல்ல அம்மா. மாதிரி வீடுதானே. பூட்டி வைப்பம்."

"பூட்டி வைக்கிறதுக்கா இவ்வளவும்?"

உதயரூபன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு குரோட்டன் நட்ட இடத்தைப் பார்க்கப் போய்விட்டான்.

குறித்த நாளில் பந்தல், வாழைமரம், ஒலிபெருக்கி எல்லாம் வந்தன. வெள்ளைக்காரர்கள் மூவர் தொப்பியோடு முன்வரிசையில் இருந்தார்கள். புஸ்பம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் பெரிய பை ஒன்று இருந்தது. சோதனைப் பயனாளி பை கொண்டு வரலாமா என்பது பற்றி அமைவு மதிப்புகளில் எதுவும் இல்லாததால் யாரும் அவளைத் தடுக்கவில்லை.

பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இந்த மையம் திறந்த நாளிலிருந்து எமது சோதனைகள் ஒருநாள் தவிர எந்நாளும் வெற்றி பெற்றுள்ளன. அந்த ஒருநாளுக்கும் யுத்தமே காரணம், நாங்கள் அல்ல. வீடற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று சிலர் குறை கூறுகின்றனர். அவர்கள் எமது முறையைப் புரிந்துகொள்ளாதவர்கள். வீடற்றவர்கள் இல்லாவிட்டால் வீடமைப்பு முறை எதற்கு? ஆகவே அவர்களையும் நாங்கள் மிகக் கவனமாகப் பேணி வருகிறோம்."

மொழிபெயர்த்தவர் இடையில் ஒருமுறை இருமினார். வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள்.

சாவி கைமாறியது. புஸ்பத்தின் கண் கலங்கியது, சொல்லிக் கொடுத்த அளவைவிடக் கொஞ்சம் கூடவே கலங்கியது. கதவைத் திறந்து மகளோடு உள்ளே போனாள். யன்னலால் கை காட்டினாள். கமெராக்கள் மின்னின. பிறகு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதன் பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது. நிகழ்ச்சியில் அதுவும் ஒரு அங்கம் என்று நினைத்து விருந்தாளிகள் இன்னொரு முறை கைதட்டிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஹோட்டலுக்குப் போக வாகனம் ஏறினார்கள்.

வாகனங்களின் புழுதி அடங்கிய பிறகும் கதவு திறக்கவில்லை.

"அம்மா, சோதனை முடிஞ்சுது," என்று உதயரூபன் யன்னலடியில் போய்ச் சொன்னான். உள்ளே பாத்திரம் உரசும் சத்தம் கேட்டது.

குழு அங்கேயே, பந்தலுக்குக் கீழே, அவசரமாகக் கூடியது. பொலிசுக்கு முறைப்பாடு கொடுப்போம் என்றார் கணக்காளர். கொடுப்பதென்றால் மையத்தின் கடிதம் வேண்டும். கடிதத்தைக் கணினிதான் அச்சடிக்கும். சோதனைப் பயனாளியின் பெயரில் உண்மைக் கடிதம் அச்சடிக்க அது விடாது. உள்ளே இருப்பவர் உண்மையில் இல்லாதவர் என்பது அதன் முடிவு. அதுவும் ஆண்.

"அப்ப அவவ உண்மை ஆளா மாத்துவம்," என்றார் பணிப்பாளர். "நான் தலைவர். இப்பவே அங்கீகரிக்கிறன். கூட்டமும் தேவல்ல, உபகுழுவும் தேவல்ல."

வருடக்கணக்காக நடக்காத காரியம் ஒரு நொடியில் நடந்துவிடும் போலிருந்தது. உதயரூபன் மடிக்கணினியைத் திறந்தான், பார்த்தான், மூடினான்.

"சேர், அவ உண்மை ஆளா மாறினா, திறந்த அண்டைக்கே பதிஞ்ச ஆள். எல்லாருக்கும் முன்னுக்கு நிக்கிறா. இப்ப வெறுமையா இரிக்கிறதும் இந்த ஒரு வீடுதான். கொம்பியூட்டர் இதை அவவுக்கே எழுதிரும்."

"மாத்தாட்டி?"

"மாத்தாட்டி உள்ளுக்கு ஒருத்தரும் இல்ல, சேர். இல்லாத ஆள எப்பிடி வெளியே போகச் சொல்ற?"

"கதவுல தட்டினா என்ன?" என்று கேட்டார் கணக்காளர்.

"தட்டினா ஆள் இரிக்கெண்டு நாம ஒத்துக் கொண்டதாகும்," என்றார் பணிப்பாளர். ஆழமாக யோசித்துத்தான் சொன்னார். எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவைப் பார்த்தபடி நின்றார்கள். பந்தல்காரன் கதிரைகளை ஒவ்வொன்றாக அடுக்கி ஏற்றிக்கொண்டு போனான்.

குசினிப் புகைபோக்கியால் புகை எழும்பியது. சொல்லி வைத்த நேரத்துக்கு உன்னிச்சைப் பக்கமிருந்து ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. அன்னப்பூரணி பட்டுச்சீலையோடு இறங்கினாள், பின்னால் சிவதர்ஷன் ஒரு உடுப்புப் பெட்டியோடு இறங்கினான். அவர்கள் வாசலில் நின்றவர்களை யார் எவர் என்று கேட்காமல் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார்கள். பின்கதவு திறந்து மூடியது. பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒருவரும் எதிர்பாராத நேரத்தில் முன்கதவும் திறந்தது.

புஸ்பம் சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி நின்றாள்.

"பால் பொங்கிற்று. வெயிலுக்குள்ள ஏன் நிக்கிறீங்க சேர்? எல்லாரும் உள்ளுக்கு வாங்க," என்றாள். "சப்பாத்தக் கழட்டிப் போட்டுட்டு வாங்க. இது என்ட மகள்ர வீடு."

பணிப்பாளர் கணக்காளரைப் பார்த்தார். கணக்காளர் உதயரூபனைப் பார்த்தார். உதயரூபன் ஏற்கெனவே ஒரு காலின் சப்பாத்தைக் கழற்றிவிட்டிருந்தான். பணிப்பாளர் படியில் குந்தி, சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.